வெள்ளைத் துணிக்குப் பின்னால் நின்றவன்

1. ஆளைக் காட்டு!

முதல் நாளே சனம் எழும்பவில்லை. படம் முடிந்து மெஷினும் நின்றுவிட்டது. அமிர்தகழித் திருவிழாவுக்கு வந்தவர்களோ பயாஸ்கோப் கூடாரத்துக்குள் சம்மணம் கொட்டியபடியே இருந்தார்கள்.

"துணிய விலக்குங்கடா! ஆளைக் காட்டுங்க!"

நான் புளியந்தீவில் இங்கிலீசுப் படிப்பை முடித்தும் கச்சேரியில் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகாமல், கூத்தில் கோமாளி வேடம் கட்டித் திரிந்தவன். அது ஊமைப் படம். துணிக்குப் பின்னால் நின்று கதை சொல்லவும், கோமாளிக்குக் குரல் கொடுக்கவும் கூடார முதலாளி இஸ்மாயில் காக்கா என்னைப் பிடித்திருந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"திருவிழா முடியுமட்டும் சனத்தப் பிடிச்சித் தா தம்பி. மதராசுக்குக் கூட்டிப்போய்ப் படக் கம்பனியில சேத்து உடுறன்" என்று வாக்கும் தந்திருந்தார். படத்தில் முகம் காட்டும் பைத்தியம் எனக்கு உச்சந்தலை வரை ஏறியிருந்தது.

சனத்தில் பிழையில்லை. எங்கள் கூத்தில் ஆட்டக்காரனை வெள்ளைத் துணியால் மறைத்துத்தான் ஆடும் களரிக்குக் கொண்டுவருவார்கள். உள்ளே சதங்கை கேட்கும், துணி விலகும், ஆள் தெரிவான். இங்கே துணியும் இருந்தது, பின்னால் குரலும் கேட்டது. விலகவில்லை என்றால் கோபம் வராதா?

"நீ போ" என்று காக்கா என்னை நெட்டினார்.

"படத்தில ஓடினவன் வெள்ளைக்காரன் காக்கா! யானைக்குட்டி மாதிரி இருக்கான்!"

"அவனும் கோமாளி, நீயும் கோமாளி. போடா தம்பி, கூடாரத்தப் பிய்க்கப் போறானுகள்!"

மூங்கில் கம்பு போன்ற உடம்போடு வெளியே வந்தேன்.

முன்வரிசையில் ஒரு மீசைக்காரர் எழும்பினார். "இவனில்ல! அவன் தடியன். வெள்ள வெளேரெண்டு இருந்தான்."

கிரானிலிருந்து வந்திருந்த பூமணி அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தா. "பொலிசுக்காரன் துரத்தத் துரத்த எவ்வளவு தூரம் ஓடினான்! அந்த ஓட்டம் ஓடினா ஆருதான் வத்தமாட்டான்? வெயிலுக்க ஓடினவன் கறுக்காம என்ன செய்வான்?"

"ஓம், ஓம்" என்றது கூடாரம். மீசைக்காரரும் யோசித்துவிட்டு உட்கார்ந்தார்.

2. தயிர் முட்டி

மறுநாள் பூமணி அக்கா எருமைத் தயிர் நிறைந்த மண் முட்டியோடு வந்தா.

"தின்னு மனே. மறுகா நாளைக்கும் ஓட வேணுமே."

அதற்கடுத்த நாள் ஒருவர் இறால் பொரித்துக் கொண்டுவந்தார். இன்னொருவர் சோற்றுப் பொதி. படம் முடிந்ததும் துணிக்கு முன்னால் இருந்து நான் தின்பேன்; சனம் பார்க்கும். படத்தை ஏற்கெனவே பார்த்தவர்களும் நான் தேறுகிறேனா என்று பார்க்கத் திரும்பி வந்தார்கள். மீசைக்காரர் தினமும் என் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார்.

"சதை ஏறுது. நிறம்தான் இன்னும் திரும்பல்ல."

"ஏலாது அக்கா, வயிறு வெடிக்கப்போகுது" என்று கும்பிட்டேன்.

"நாளைக்கும் துரத்துவானுகள். தின்னு!"

திருவிழா முடியும்போது சட்டைப் பொத்தான் ஒன்றையும் பூட்ட முடியவில்லை. காக்கா வாக்குத் தவறாமல் என்னை மதராசுக்குக் கூட்டிப்போனார். ஸ்டூடியோவில் டைரக்டர் என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்னய்யா, ஒல்லியான ஆள்னு சொன்னீரே?"

"ஒல்லிதான் சேர். எங்கட சனம் கெடுத்துப்போட்டுது" என்றார் காக்கா.

டைரக்டர் சிரித்தே விட்டார். சமையல்காரன் வேடம் ஒன்று கிடைத்தது. பாயாச அண்டாவைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீட்டார் துரத்த ஓட வேண்டும்; வாய்க்கு வசனமும் உண்டு. அடுத்த வேடத்துக்காகக் காத்துக் கிடந்த மாதங்களில் ஒரு வேளைச் சாப்பாட்டில் பழைய மூங்கிலானேன். வேடமும் வரவில்லை, ஊருக்குக் கப்பலேறினேன்.

3. திரும்பவும் துணி

அந்தப் படம் காக்காவின் கூடாரத்துக்கு வந்தபோது சனத்தோடு சனமாக இருந்து பார்த்தேன். திரையில் என் தொந்தி குலுங்கக் குலுங்கக் கூடாரமே சிரித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. படம் முடிந்தது. ஒருவரும் எழும்பவில்லை.

"துணிய விலக்குங்கடா!"

இந்தமுறை என்னை யாரும் நெட்டத் தேவையில்லை. நெஞ்சை நிமிர்த்திப் போய்த் துணிக்கு முன்னால் நின்றேன்.

"இவனில்ல!" என்றார் மீசைக்காரர்.

"நான்தான்! சத்தியமா இந்தமுறை நான்தான்!"

ஒருவரும் நம்பவில்லை. பூமணி அக்கா எழும்பி வந்து என் விலா எலும்பைத் தொட்டுப் பார்த்தா.

"அவன்தான். இந்தமுறை அண்டாவையும் சுமந்துகொண்டெல்லோ ஓடினான், பாவம். இரு மனே, நாளைக்கு முட்டியோட வாறன்."

கோமாளி வேடம் கட்ட நினைக்கும் தம்பிமாருக்கு நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். சனத்திடம் உண்மையைச் சொல்லி வாதாடாதீர்கள். வயிற்றில் கொஞ்சம் இடம் வைத்துக்கொண்டு போங்கள்.