சத்தம் புகாத அறை

இது நடந்தது. எனக்கு நடந்தது. நம்பாவிட்டால் போங்கள், எனக்கு நஷ்டமில்லை. ஆனால் வீட்டிலேயே சொந்தக் கையால் தியேட்டர் அறை கட்டும் எண்ணம் யாருக்காவது இருந்தால் கடைசி வரை படியுங்கள்.

இரவு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டோடு கிடந்தேன். கை சும்மா இருக்கவில்லை. பின்பக்க அறையைத் தியேட்டராக்கலாம் என்று இறங்கினேன். கூலிக்கு ஆள் வைக்கவில்லை. இருக்கும் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி இரும்புச் சட்டம் அடித்தேன். இடைவெளியில் சத்தத்தை உறிஞ்சும் ராக்வூல் பஞ்சு திணித்தேன். மேலே இரண்டடுக்கு ஜிப்சம் பலகை வைத்தேன். கனமான மரக்கதவு போட்டு, விளிம்பு முழுக்க ரப்பர் பட்டை ஒட்டினேன். ஜன்னலை அடைத்துக் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். பட்டப்பகலில் உள்ளே போனால் என் கையே எனக்குத் தெரியாது.

அப்பா முப்பது வருஷம் வயரிங் வேலை பார்த்தவர். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்.

"பேங்க் லாக்கர்கூட இவ்வளவு டைட்டா இருக்காதுடா."

"சத்தம் வெளிய போகக் கூடாதுல்லப்பா."

"போகாது சரி. வெளியிருந்து கூப்பிட்டா உனக்கு எப்படித் தெரியும்? கதவுகிட்ட ஒரு பொத்தான் வை. உள்ள ஒரு சிவப்பு லைட். அரை மணி நேர வேலை."

"வயர் போட்டா ஓட்டை விழும். ஓட்டை விழுந்தா சத்தம் போயிடும்."

"அடேங்கப்பா, எனக்கே வயரிங் பாடமா?" என்று சிரித்தார். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. நானும் வைக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். 2.40க்குக் கதவைச் சாத்திக்கொண்டு, பலகை இடுக்குகளில் பசை வைத்து அடைத்துக்கொண்டிருந்தேன். கடைசி இடுக்கு முடிந்ததும் சிறிது நேரம் அப்படியே நின்றேன். ஒரு சத்தம் இல்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வெளியே வந்தபோது 3.35. அப்பா ஹாலில் குப்புறக் கிடந்தார். கதவுக்கு மூன்றடி தூரத்தில். வலது கை கதவைப் பார்த்து நீண்டிருந்தது.

மாரடைப்பு. விழுந்த பிறகும் அரை மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். "வீட்டுல யாரும் இல்லையா?" என்று கேட்டார்.

ஒரு மாதம் அந்த அறைப் பக்கமே போகவில்லை. அக்காதான் போனில் சொன்னாள்: "முடிச்சிடுடா. பாதியில விட்டதா உன் லிஸ்ட்டுல இதையும் சேக்காத."

முப்பத்திரண்டாம் நாள். அதுவும் மதியம்தான். ஸ்பீக்கர்களை மாட்டிவிட்டேன். இனி ஒலி அளவைச் சரிபார்க்க வேண்டும். நாற்காலியில், உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில், ஆம்ப்ளிஃபயரோடு வந்த சின்ன மைக்கை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு ஸ்பீக்கராக அதுவே ஒலி எழுப்பி அளந்துகொள்ளும். அறை மட்டும் அமைதியாக இருக்க வேண்டும்.

2.58. பொத்தானை அழுத்தினேன்.

திரையில் எழுத்து வந்தது. அறையில் சத்தம் உள்ளது, மீண்டும் முயலவும்.

ஏசியை நிறுத்தினேன். போனை வெளியே வைத்துவிட்டு வந்தேன். கதவைச் சாத்தினேன்.

3.03. அறையில் சத்தம் உள்ளது.

மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

3.06. அறையில் சத்தம் உள்ளது.

மைக் கோளாறு என்று நினைத்தேன். அதைக் கழற்றி லேப்டாப்பில் சொருகி, ஹெட்ஃபோனை மாட்டினேன்.

முதலில் ஒரு இரைச்சல்தான்.

பிறகு... சர்ர்... சர்ர்...

தரையில் எதையோ இழுக்கிற சத்தம்.

நின்றது. மூச்சு வாங்கியது.

மறுபடி... சர்ர்...

ஹெட்ஃபோனைக் கழற்றினேன். அறை அமைதியாக இருந்தது. மாட்டினேன்.

"சின்னவனே..."

அப்படிக் கூப்பிட ஒருவர்தான் இருந்தார்.

"சின்னவனே... கதவைத் தொறடா..."

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். ஹால் காலி. கடிகாரத்தில் 3.10.

திரும்பி வந்தேன். ஹெட்ஃபோனை மாட்டினேன். குரல் இன்னும் இருந்தது. முன்னைவிடப் பலவீனமாக.

எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. மைக்கை வாய்க்கு அருகில் இழுத்தேன்.

"இதோ வந்துட்டேன்பா. ஒரு நிமிஷம்."

மறுபடி கூப்பிட்டார். மறுபடி அதையே சொன்னேன்.

இழுக்கிற சத்தம் நின்றது.

"சரிடா... வா."

அவ்வளவுதான்.

திரையில் சத்தத்தின் அளவு பூஜ்யம்.

பத்து நாள் கழித்து எதிர்வீட்டுத் தையல்காரம்மா வந்தார். அப்பா அளவு குறைக்கக் கொடுத்திருந்த சட்டைகளை நீட்டினார். கண்கள் என்னைப் பார்க்கவில்லை.

"மனசு கேக்கல தம்பி. அன்னைக்கு நான் உள்ள வந்திருக்கணும்."

"என்னைக்கு?"

"அப்பா போன அன்னைக்குத்தான். அவர் கூப்பிடுறது என் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டுச்சு. எழுந்து ஓடியாந்தேன். உங்க கேட்ல கைகூட வச்சிட்டேன்."

"அப்புறம் ஏன் வரல?"

அவர் இப்போதுதான் நிமிர்ந்தார். பொய் சொல்கிறவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நீதான் பதில் சொன்னியேப்பா. 'இதோ வந்துட்டேன்பா, ஒரு நிமிஷம்'னு ரெண்டு தடவை. அவரும் 'சரிடா, வா'ன்னாரு. பையன் இருக்கான்னு திரும்பிட்டேன்."

"அப்ப... மணி என்ன?"

"மூணு பத்து இருக்கும்."