எருக்கஞ்செடிக்கு வந்த பாலைவன வெட்டுக்கிளி

போன ஞாயிற்றுக்கிழமை காலை. வாரத்தில் ஒரு நாளாவது ஏழு மணி வரை தூங்கலாம் என்று நான் போட்டிருந்த திட்டத்தில் மண் விழுந்தது.

தட்டுச் சத்தம். ஒரு தட்டு இல்லை… தெரு மொத்தமும்!

பால்கனிக்கு ஓடி வந்து பார்த்தால், ஆளாளுக்குத் தட்டும் கரண்டியுமாகத் தெருக்கோடியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கிரகணமா? கிரிக்கெட்டில் ஜெயித்துவிட்டோமா? கூட்டத்தின் முன்வரிசையில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பொருள் – என் இட்லிப் பானையின் மூடி. அதைப் பிடித்திருந்த கை, எங்கள் வீட்டுக்காரருடையது.

“என்னங்க கூத்து இது?” என்று மேலேயிருந்து கத்தினேன்.

“வெட்டுக்கிளிடீ! ராஜஸ்தான்லேர்ந்து வந்துடுச்சு!”

ராஜஸ்தானிலிருந்து திருவொற்றியூருக்கு! வழியில் அத்தனை வயல், அத்தனை தோப்பு, அத்தனை பச்சையையும் விட்டுவிட்டு, உரக் கம்பெனிப் புகையையும் கன்டெய்னர் லாரிப் புழுதியையும் சாப்பிட எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறதாம். இருக்கிற செடியெல்லாம் சேர்த்தாலும் ஒரு வெட்டுக்கிளிக்கு நாஷ்டாவுக்குக் காணாது.

நடந்தது இதுதான். முந்தின நாள் ராத்திரி தெருவின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ. வானத்தை மூடிக்கொண்டு பூச்சிக்கூட்டம் பறக்கிறது, விவசாயிகள் டமாரம் அடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். எந்த நாடு? எந்த வருஷம்? யாருக்குத் தெரியும்! காலையில் வாக்கிங் போன யாரோ தெருக்கோடி காலி மனையில் பூச்சியைப் பார்த்திருக்கிறார். வீடியோவும் பூச்சியும் ஒன்று சேர்ந்தன. தூக்கம் போச்சு.

அந்தக் காலி மனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இரும்பு குடோன். இடித்துப் போட்டார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள், அப்படியே விட்டுவிட்டார்கள். இப்போது அது ஒரு எருக்கங்காடு. மனைக்கு மேற்கே எங்கள் தெரு. கிழக்கே உடைந்த காம்பவுண்டுச் சுவர், அதைத் தாண்டினால் மீனவர் குப்பம், அப்புறம் கடல்.

நானும் போய்ப் பார்த்தேன். எருக்கஞ்செடி இலைக்கு இலை பூச்சிதான், பொய் சொல்லக் கூடாது. மஞ்சளும் நீலமுமாக, கல்யாண மண்டபத்து சீரியல் பல்பு மாதிரி அத்தனை அலங்காரம். தட்டுச் சத்தம் தாங்காமல் கொஞ்சம் பூச்சிகள் சோம்பேறித்தனமாகத் தாவி, உடைந்த சுவரைத் தாண்டி அந்தப் பக்கத்து எருக்கஞ்செடிக்குப் போயின. எங்கள் தெரு கைதட்டியது. விசில் வேறு!

ஐந்து நிமிஷம் ஆகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தட்டுச் சத்தம். குப்பத்து ஜனங்களும் அதே வீடியோவைப் பார்த்திருப்பார்கள் இல்லையா? பூச்சிகள் திரும்பி வந்தன. நாங்கள் அடித்தோம், போயின. அவர்கள் அடித்தார்கள், வந்தன. எங்கள் வீட்டுக்காரருக்கு வேர்த்து ஊற்றுகிறது – மூடியை விடுகிற மாதிரி இல்லை.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்பது இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு வந்த கோபத்தில் ஒரு நல்ல காரியம் செய்தேன். பூச்சியை ஃபோட்டோ எடுத்தேன். யாரிடமாவது காட்டி என்ன பூச்சி என்று கேட்கலாமே?

கேட்கலாம். யாரைக் கேட்பது? ஓர் அலுவலகத்தில், “எங்களுக்குக் கொசு, நாய், எலி மட்டும்தான் மேடம்” என்றார்கள். இன்னொன்றில், “உங்க ஏரியாவுல விவசாயமே கிடையாதே, அப்புறம் எப்படி வெட்டுக்கிளி?” என்று என்னையே குறுக்கு விசாரணை செய்தார்கள். விவசாயம் இல்லாத ஊர் என்று பூச்சிக்கு யார் சொல்வது?

கடைசியில் வேளாண்மைத் துறையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் நம்பர் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமையும் ஃபோனை எடுத்தாள், நன்றாக இருக்கட்டும். ஃபோட்டோவைப் பார்த்துவிட்டு அவளே கூப்பிட்டாள்.

“மேடம், இது எருக்கு வெட்டுக்கிளி. எருக்கஞ்செடியைத்தான் தின்னும். நம்ம ஊர்லயே எப்பவும் இருக்கிறதுதான். பாலைவன வெட்டுக்கிளி வேற, இது வேற. தயவுசெஞ்சு எதையும் அடிச்சிடாதீங்க.”

“நிஜமாவே பாலைவன வெட்டுக்கிளி வந்தா தட்டு அடிச்சா போயிடுமா?” என்று கேட்டேன்.

“போகும் மேடம். பக்கத்து வயலுக்குப் போகும்.”

பாவம், காலையிலிருந்து தட்டான், கரப்பான் என்று ஃபோட்டோ வந்து குவிந்ததில் அவளும் நொந்துபோயிருந்தாள். ஆனாலும் பொறுமையாகச் சொன்னாள். பாலைவனத்தில் மழை பெய்தால் ஈர மணலில் அது முட்டையிடுமாம். குஞ்சு பொரித்து, இறக்கை முளைக்காமல் தரையில் கும்பல் கும்பலாக நடக்கும்போதே ஜீப்பில் சுற்றித் தேடிக் கண்டுபிடித்து அடக்கிவிட வேண்டுமாம். இறக்கை முளைத்துவிட்டால் காற்று எங்கே கூட்டிப் போகிறதோ அங்கே. ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில் சண்டை, தேட ஆள் இல்லை என்றால், கடல் தாண்டி இன்னொரு நாட்டுக்காரன் வயல் மொட்டை. அதனால்தான் இங்கே பார்த்தோம், இந்தப் பக்கம் காற்றடிக்கிறது, ஜாக்கிரதை என்று ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். பேசாத நாடுகள்கூட இதற்காகப் பேசிக்கொள்ளுமாம்!

“மருந்து அடிக்கிறதுக்கு முன்னாடியும் சொல்லணும் மேடம். தேன் பெட்டி வெச்சிருக்கிறவங்க, ஆடு மேய்க்கிறவங்க எல்லாருக்கும். காத்து எந்தப் பக்கம்னு பார்த்துட்டுத்தான் ஸ்பிரேயரையே தொடணும்.”

ஃபோனை வைத்துவிட்டு நிமிர்ந்தால்… தெருவுக்குள் ஸ்பிரேயர் வந்துகொண்டிருக்கிறது.

கூட்டி வந்தவர் சம்பந்தம் சார். ரிட்டயர்ட் ஆனவர், எங்கள் தெரு நலச்சங்கத்தின் செயலாளர். தெருவிளக்கு எரியவில்லை என்றால் அவர் ஃபோன் எப்போதும் பிஸி. ஆனால் கெமிக்கல் என்றால் மனுஷனுக்கு எங்கிருந்தோ சுறுசுறுப்பு வந்துவிடும். தண்டையார்பேட்டை குடோன் ஒன்றில் பூச்சிமருந்து அடிக்கிற ஆளைக் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

“சார், இது நம்ம ஊர்ப் பூச்சி. ஆபீசர் சொல்லிட்டாங்க. அடிக்க வேண்டாம்.”

“இருக்கட்டும் மேடம். ஆள் வந்துட்டாரு இல்ல? சேஃப்டிக்கு ஒரு தபா அடிச்சுடுவோம்.”

“காத்து…”

“அதெல்லாம் பார்த்துட்டேன் மேடம். நம்ம பக்கம் வராது. காத்து அந்தப் பக்கம்தான் போகுது!”

எவ்வளவு பெருமையாகச் சொன்னார் தெரியுமா? எங்கள் ஊரில் கடற்காற்று திரும்ப மதியம் ஆகிவிடும். காலையில் காற்று தரையிலிருந்து கடல் பக்கம் போகும். மனிதர் அதைச் சரியாகத்தான் கவனித்திருக்கிறார். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதை மட்டும்தான் கவனிக்கவில்லை.

அந்தப் பக்கம் தேசம்மா இருக்கிறாள்.

சுவரை ஒட்டிப் பழைய வலையை விரித்து மீன் காய வைத்துக் கருவாடு விற்கிறவள். என் வீட்டுக் கருவாடு அவளிடம்தான். சில பேர் ஈ வராமல் இருக்கக் கருவாட்டில் மருந்து தெளிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தேசம்மாவிடம் அந்தப் பேச்சே கிடையாது. “ஈ வந்தாத்தான்க்கா அது மீனு. ஈயே வரலன்னா இன்னாத்த ஊத்தினான்னு கேளு” என்பாள். நாள் முழுக்கக் கையில் ஒரு தென்னை ஓலையோடு விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மருந்து போடாத கருவாடு என்று கேள்விப்பட்டு, அடையாறு பக்கம் ஓர் ஆர்கானிக் கடைக்காரர் அவளைத் தேடி வந்திருந்தார். திங்கட்கிழமை மறுபடி வந்து சரக்கைப் பார்ப்பதாகவும், பிடித்திருந்தால் வாராவாரம் எடுப்பதாகவும் பேச்சு. தலைச்சுமையாகத் தெருத்தெருவாகப் போய் முட்டி தேய்ந்தவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! காசிமேட்டில் நல்ல நெத்திலியாகப் பொறுக்கி எடுத்து வந்து விரித்திருந்தாள்.

மோட்டார் உறுமியது. நான் கத்தினேன். எனக்கே கேட்கவில்லை. முள்ளும் கண்ணாடியும் கிடக்கிற மனைக்குள் புகுந்து சுவர் ஏறிக் குதிக்க என்னால் முடியாது. மெயின் ரோடு வரை போய்ச் சுற்றிக்கொண்டு ஓடினேன். என் வயதில், நைட்டியில், மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு!

நான் போய்ச் சேர்ந்தபோது மூக்கில் நெடி ஏறியது. தேசம்மா தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். பாதி மூடியிருந்தது. ஈரம் மீன் மேல் மினுமினுத்தது.

“யோவ்! நிறுத்துய்யா!” என்று சுவர் மேல் ஏறி அவள் போட்ட சத்தத்தில்தான் மோட்டார் நின்றது. “இன்னா சார் இது? பூச்சி உன் பக்கத்துல கீது. என் மீனு மேல ஏன் அடிக்கிற?”

சம்பந்தம் சார் சுவரோரம் வந்து பார்த்தார். “லேசாத்தான்மா பட்டிருக்கு. கழுவிட்டா போயிடும்.”

“கருவாட்ட கழுவுறதா? நீ கழுவித் துன்னுவியா? உன் வூட்ல குடுப்பியா?”

 அதற்குள் எங்கள் தெருப் பக்கத்திலிருந்து யாரோ, “காயவெச்சா தெரியவா போகுது? வித்துடும்மா” என்று யோசனை சொன்னார்கள். சொன்ன குரல் யாருடையது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

 தேசம்மா தார்ப்பாய்க்குள் இருந்ததையும் சேர்த்து அள்ளினாள். “மூடினது நல்லாத்தானே இருக்கும்?” என்றேன். “எது பட்டுது, எது படலன்னு நான் எப்டிக்கா சொல்றது?” என்றாள். வெளியே போட்டால் பூனையும் காக்காவும் தின்னும் என்று கடற்கரையோரம் குழி தோண்டி மொத்தத்தையும் புதைத்தாள். மண்ணைத் தள்ளும்போதுதான் அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

திங்கட்கிழமை ஆர்கானிக் கடைக்காரர் வந்தார். ‘மழையில் நனைந்துவிட்டது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லவில்லை. பக்கத்தில் மருந்து அடித்தார்கள், மேலே பட்டுவிட்டது, புதைத்துவிட்டேன், அடுத்த வாரம் தருகிறேன் என்று நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறாள். அவர் ரொம்ப மரியாதையாக, “உண்மையைச் சொன்னதுக்கு தேங்க்ஸ்மா. ஆனா மருந்து அடிக்கிற இடத்துல காயவெச்ச சரக்கை எங்க கஸ்டமருக்கு எப்படிக் கொடுக்கிறது?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதும் தப்பில்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாத கோபம் இருக்கிறதே… அது உடம்புக்கு ஆகாது.

சங்கத்து ஆட்களிடம் பேசிப் பார்த்தேன். தேசம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டாமா? ‘மீட்டிங்கில் வைக்கிறோம்’ என்றார்கள். மீட்டிங் எப்போது? ‘குரூப்பில் சொல்றோம்.’

வியாழக்கிழமை குரூப்பில் சம்பந்தம் சாரிடமிருந்து மெசேஜ் வந்தது. மீட்டிங்தான் போலிருக்கிறது என்று ஆவலாகத் திறந்தேன்.

‘அனைவரின் கவனத்திற்கு. நம் தெருவுக்குப் பின்புறம் விற்கப்படும் கருவாட்டில் பூச்சிமருந்து கலந்திருக்க வாய்ப்புள்ளது. குடும்ப நலன் கருதி யாரும் வாங்க வேண்டாம்.’

கீழே வரிசையாகக் கும்பிடு. கட்டைவிரல். ‘நன்றி சார்.’ ‘சரியான நேரத்தில் சொன்னீர்கள் சார்.’ அதில் ஒரு கட்டைவிரல் எங்கள் வீட்டுக்காரருடையது. அவருக்கு அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு மோர் சாதம்தான், தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமல்.

‘அடித்தது யார்?’ என்று குரூப்பில் கேட்டேன். எல்லோரும் படித்துவிட்டார்கள். ஒருவரும் பதில் போடவில்லை.

கோபத்தோடு தேசம்மாவிடம் போனேன். இப்போது அவள் சுவர்ப் பக்கம் விரிப்பதில்லை. தள்ளி, அலைத்தடுப்புக் கல் ஓரமாகப் புது நெத்திலி விரித்திருந்தாள். மெசேஜை அவளுக்குப் படித்துக் காட்டினேன். சண்டைக்குக் கிளம்புவாள், நானும் கூடப் போகலாம் என்றுதான் நினைத்தேன்.

அவள் ஓலையால் ஈயை ஓட்டிக்கொண்டே சொன்னாள்:

“ஏன்க்கா, மருந்து அடிக்கறதுக்கு மின்னாடி ஒரு ஆளு செவுத்தாண்ட வந்து கொரல் குடுக்கல. வாங்காதன்னு சொல்றதுக்கு மட்டும் எல்லார் வூட்டுக்கும் செய்தி போவுது பாரு.”

 எப்போதும் கால் கிலோ வாங்குகிறவள், அன்றைக்கு அரைக் கிலோவாக வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

எங்கள் தெரு இதுவரை கொடுத்திருக்கும் நஷ்டஈடு அவ்வளவுதான்.