கிளிக்குச் சுற்றிப் போட்ட அன்று

வீட்டிலிருந்த துண்டுகளை எல்லாம் படுக்கையறை அலமாரிக்குள் ஒளித்து வைத்துவிட்டு, கை கழுவினால் கைலியிலேயே துடைத்துக்கொண்டு திரிந்தேன். புக்கிட் மேரா வட்டாரத்தில் பத்தாவது மாடி வீடு எங்களுடையது. நானும் மனைவியும் மட்டும்தான். இத்தனை ஒளிவுமறைவும் புதிதாக வந்த ஒரு பச்சைக்கிளிக்காக.

கிளியைக் கொடுத்தவர் என்னோடு பஸ் ஓட்டுகிறவர், பாசிர் ரிஸ் வட்டாரத்துக்காரர். பேத்திக்கு மூச்சிழுப்பு வருகிறது, இனி வீட்டில் வைத்திருக்க முடியாது என்று கூண்டோடு கொண்டுவந்து இறக்கினார். “கையில ஏறாது, கடிக்கும். நகம் வெட்டணும்னா துண்டைப் போட்டு அமுக்கிடுங்க, அடங்கிடும் லா” என்றார்.

மறுநாள் மனைவி குளித்துவிட்டுத் தோளில் துண்டோடு ஹாலுக்கு வந்தாள். கிளி கம்பியில் மோதி மோதி அலறியதில் அலகோரம் ரத்தம் கசிந்தது. எனக்கு அந்த மனுஷன் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அடங்கிடுமாம். பயத்தில் விறைத்துப் போனதற்கு அவர் வைத்த பெயர் அது. அன்றே துண்டுகள் அலமாரிக்குள் போயின. என்ன ஆனாலும் இதை நான் கை போட்டுப் பிடிக்கமாட்டேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

காலை ஷிப்ட் முடிந்து வந்ததும் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்காருவேன். சூரியகாந்தி விதையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வேறு எங்கோ பார்க்க வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது என்பது டிப்போ முழுக்கத் தெரியும். ஆனால் அதன் முன்னால் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன். முதலில் என்னைக் கண்டால் மறுகோடிக்கு ஓடியது. பிறகு ஓடாமல் நின்றது. ஒருநாள் கழுத்தை நீட்டி விதையைக் கொத்திக்கொண்டு ஓடியது. தேக்கா சந்தையிலிருந்து கொய்யாவும் பச்சை மிளகாயும் வாங்கி வருவது மனைவியின் வேலை. மிளகாயைக் காலில் பிடித்துக்கொண்டு அது விதை விதையாக ருசித்துத் தின்னும். “எனக்கு என்னைக்காச்சும் இப்படி ஊட்டியிருக்கீங்களா?” என்று கேட்பாள் அவள்.

கொஞ்சநாளில் கூண்டுக் கதவைத் திறந்து வைத்தேன். அது வெளியே வரும் நேரத்தில் எல்லா ஜன்னலையும் சாத்திவிடுவோம். பத்தாவது மாடியிலிருந்து பறந்துவிட்டால் எந்த அடுக்குமாடி புளோக்கிலிருந்து வந்தோம் என்று அதற்குத் தெரியவா போகிறது? கூண்டின் மேல் நின்றபடி ஒற்றைக் காலை என் விரலில் வைத்துப் பார்க்கும், எடுத்துக்கொள்ளும். இன்னொரு காலையும் வைக்க வேண்டியதுதான் பாக்கி. எனக்கு அப்போது வேறு எதுவும் பெரிதாகத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தங்கைகள் குடும்பத்தோடு வந்தார்கள். ஆளுக்கொரு கைபேசியைக் கூண்டுக்குள் நுழைக்காத குறையாகப் படமெடுத்து, என்ன அழகு, என்ன அழகு என்று மாய்ந்து போனார்கள். அதற்குப் பிறகு கிளி சரியாகச் சாப்பிடவில்லை. மார்பு இறகைத் தானே பிடுங்கத் தொடங்கியது.

“கண்ணு பட்டுடுச்சுங்க. சுத்திப் போடணும்” என்றாள் மனைவி.

“கண்ணாவது மண்ணாவது. கூட்டத்தைப் பார்த்துப் பயந்திருக்கு. சும்மா விடு” என்றேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அது தானாகவே வெளியே வந்து, பறந்துபோய் ஜன்னல் திரைக் கம்பியில் உட்கார்ந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அதுவாக இறங்கட்டும், கிட்டே போகாதே என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, ஜன்னல்களை ஒருமுறை சரிபார்த்து, சாப்பாடு வாங்கக் கீழே கோப்பிக்கடைக்குப் போனேன்.

திரும்பி வந்து லிஃப்ட் கதவு திறந்ததுமே நெடி மூக்கில் ஏறியது. காய்ந்த மிளகாய் கருகுகிற நெடி. எனக்கு விளங்கிவிட்டது. கிளி வெளியே பாய்ந்துவிடாதபடி கதவை ஒரு ஆள் நுழையும் அளவு மட்டும் திறந்து உள்ளே போய்ச் சாத்தினேன்.

ஹால் முழுக்கப் புகை. மனைவி கடுகும் உப்பும் மிளகாயும் கருகிய சட்டியைத் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே போட்டுவிட்டு இருமிக்கொண்டிருந்தாள். “மிளகா திங்கிற கிளிதானே, நெடி என்ன செய்யும்னு நினைச்சேங்க” என்றாள். குரலே வரவில்லை அவளுக்கு.

கிளி கம்பியிலேயே இருந்தது. அலகு பிளந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது.

“ஜன்னலைத் தொறக்கவா?”

“தொறக்காத.”

திறந்தால் அது போய்விடும். அந்த நிலையில் எதிர் புளோக்கு வரைகூடப் போய்ச் சேராது. திறக்காவிட்டால் இங்கேயே கண் முன்னால் செத்துவிடும். அதைப் பிடித்த பிறகுதான் ஜன்னலைத் திறக்க முடியும்.

நாற்காலியில் ஏறிக் கையை நீட்டினேன். “வாடா” என்றேன். அது என்னைப் பார்த்தது. ஒற்றைக் காலைத் தூக்கி என் விரலில் வைத்தது. நான் அசையவில்லை. கண்ணில் நீர் கொட்டியது, துடைக்கவும் இல்லை. இன்னொரு கால் வரும் என்று காத்திருந்தேன். அது வைத்த காலையும் எடுத்துக்கொண்டது. உடம்பு ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது.

“துண்டை எடுத்துட்டு வா” என்றேன்.

மனைவி நகரவில்லை. “அது வந்துடும்ங்க. இன்னும் கொஞ்சம் பாருங்க.”

“எடுத்துட்டு வான்னு சொல்றேன்ல.”

துண்டைக் கண்டதும் அது போட்ட அலறலை நான் எழுத முடியாது. பறக்கத் தெம்பில்லை. இருந்த இடத்திலேயே சிறகை அடித்தது. துண்டை வீசி, பாசிர் ரிஸ்காரர் சொன்னபடியே அமுக்கினேன். துண்டோடு சேர்த்து என் கட்டைவிரலைக் கடித்தது. நான் கையை விடவில்லை. அதன் நெஞ்சு என் உள்ளங்கைக்குள் தடதடவென்று அடித்துக்கொண்டது. எனக்கு அழுகை வந்தது. மனைவி ஓடி ஓடி ஜன்னல்களைத் திறந்தாள்.

டாக்சி பிடித்துக்கொண்டு போனோம். பறவைகளுக்குப் பார்க்கிற சீனப் பெண் மருத்துவர் அதை வாங்கி, ஆக்ஸிஜன் ஓடும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டார். மிளகாய்க் காரம் கிளி நாக்குக்குத் தெரியாது, ஆனால் புகை அதன் நுரையீரலுக்கு விஷம் என்றார். காத்திருக்காமல் பிடித்ததால்தான் பிழைத்தது என்றும் சொன்னார். மனைவி என் பக்கம் திரும்பாமல் தலையை ஆட்டினாள்.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். என்னைக் கண்டதும் கூண்டின் மறுகோடியில் ஒடுங்கி நடுங்கியது. விதையைக் கையில் வைத்துக்கொண்டு பழையபடி தரையில் உட்கார்ந்தேன். நான் எழுந்து போகும்வரை அது எதையும் தொடவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான், அடுத்த வாரமும் அப்படித்தான். என் கை தெரிந்தாலே போதும், இரை அப்படியே கிடக்கும்.

கடைசியில் மனைவிதான் விதைக் கிண்ணத்தோடு உட்கார ஆரம்பித்தாள். அவளிடம் அது வந்தது. நேற்று அவள் மணிக்கட்டில் இரண்டு காலையும் வைத்து ஏறி உட்கார்ந்துவிட்டது. எனக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கோ கண் கலங்கிவிட்டது. “அடுப்பு பத்த வச்சவ நான்தான். உன்னைப் பிடிச்சுக் காப்பாத்துனது அவரு” என்று அதன் காதில் சொல்வதுபோல் சொன்னாள். கிளி தலையைச் சாய்த்து அடுத்த விதையை எடுத்தது.

நான் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் அசையாமல் நின்றேன். என்னைப் பார்த்துவிட்டால் அது சாப்பிடாது.