கண்ணாடிக் குமிழுக்குள் காப்பி

மாமா அந்தப் பாத்திரத்தைக் கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமை தில்லியில் வெயிலே வரவில்லை. லோதி ரோடில் எங்கள் அரசாங்கக் குடியிருப்புக்கு எதிரே இருந்த கட்டடம் முழுதாகப் பனிமூட்டத்துக்குள் போய்விட்டிருந்தது. பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முதலில் ஒரு மண்ணிறக் குரங்குக் குல்லா மட்டும் தனியாக மிதந்து வருவதுதான் தெரிந்தது. பிறகு அதன் கீழே மாமாவின் முகம், பிறகு ஸ்வெட்டர், கடைசியாக அவர் அக்குளில் இடுக்கியிருந்த இந்திப் பத்திரிகைப் பொட்டலம். எனக்கு அப்போது எட்டு வயது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. பி.ஏ. முடித்துவிட்டு வேலை தேடித் திருநெல்வேலியிலிருந்து வந்தவர். முனிர்காவில் ஒரே அறையில் இன்னும் மூன்று பேரோடு தங்கியிருந்தார். ஒரு வருஷம் அலைந்த பிறகு வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்துவிட்டது என்று வந்து சொன்னார். என்ன வேலை என்று அப்பா கேட்டதற்கு “அட்மின், அத்தான்” என்றார். அப்பாவுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போயிற்று. தன் ஆபீஸில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் மச்சினன் அட்மினில் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அதையே ஊருக்கு எழுதினாள்.

பொட்டலத்தைப் பிரித்தபோது வெள்ளி நிறத்தில் நீளக் கழுத்தும் கறுப்புக் கைப்பிடியுமாக ஒரு பாத்திரம் வெளியே வந்தது. மூடியின் உச்சியில் கோலிக்குண்டைவிடப் பெரிதாக ஒரு கண்ணாடிக் குமிழ். ஆபீஸில் புதிது வாங்கிவிட்டார்கள், பழையதைத் தனக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றார் மாமா. பெயர் பெர்க்கொலேட்டர். அடியில் தண்ணீர், நடுவில் ஒரு குழாய், குழாயின் மேல் ஓட்டை போட்ட சின்னக் கூடை, கூடையில் காப்பித்தூள். அடுப்பில் வைத்தால் தண்ணீர் கொதித்துக் குழாய் வழியே மேலே துள்ளி, கண்ணாடியில் முட்டித் தூளின் மேல் விழுந்து, வடிந்து, மறுபடியும் துள்ளும். காப்பி தன்னைத்தானே போட்டுக்கொள்ளும் என்று மாமா விளக்கினார்.

அம்மா அதை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். அவளுடைய ஃபில்டரில் முதல் நாளே தூள் போட்டு இறக்கிய டிக்காக்‌ஷன் தேன் மாதிரி நிற்கும். இது பாலை ஊற்றியதும் வெளிறிப்போய், அடியில் மண்டியோடு கிடந்தது. அம்மா தூளின் மேல்தான் பழியைப் போட்டாள். நம்ம ஊர்த் தூள் மாவு மாதிரி இருக்கும், ஓட்டை வழியாக இறங்கிவிடும், இதற்குக் கொரகொரவென்று அரைக்க வேண்டும் என்று மாமா சொன்னார். அதெல்லாம் எப்படி அவருக்குத் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு ருசியைப் பற்றி அக்கறையில்லை. காப்பி எனக்குக் கிடையாது. அந்தக் குமிழ் போதும். அதன்பின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாமா என்னைச் சமையல் மேடையின் ஓரத்தில் தூக்கி உட்கார்த்துவார். நான் குமிழைப் பார்த்து நிறம் சொல்ல வேண்டும். முதலில் ஒன்றும் இருக்காது. பிறகு உள்ளே எங்கோ ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொள்கிற மாதிரி ஒரு சத்தம். திடீரென்று கண்ணாடிக்குள் ஒரு துளி எம்பிக் குதிக்கும். “தண்ணி” என்பேன். கொஞ்ச நேரத்தில் “தேன்.” அப்புறம் “புளித்தண்ணி.” கறுப்பு என்று நான் சொன்னதும் மாமா அடுப்பை அணைப்பார். நான் சொல்லும்வரை அணைக்க மாட்டார். ஜன்னலுக்கு வெளியே பனி, உள்ளே அந்தக் குட்டி மழை. அந்தக் குமிழுக்குள் ஒரு ஊர் இருப்பதாகவும், அங்கே பகலும் இரவும் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடுவதாகவும் நினைத்துக்கொள்வேன்.

அந்த ஜனவரியில் குளிருக்காகப் பள்ளிக்கூடத்தை மூடியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போவதாக மாமா சொல்லியிருந்தார். அம்மா எனக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டு, காதைச் சுற்றி மஃப்ளர் கட்டி அனுப்பினாள். பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் மாமா, ஆபீஸில் ஒரு சின்ன வேலை, அரை மணி நேரம்தான், அதை முடித்துவிட்டுப் போகலாம் என்றார். என் முகத்தைப் பார்க்காமல் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பஸ் பனிக்குள் ஊர்ந்துபோயிற்று. மரங்கள் ஒவ்வொன்றாக வந்து எங்களை எட்டிப்பார்த்துவிட்டு மறைந்தன. அகலமான, ஆளில்லாத ஒரு சாலையில் இறங்கி, பெரிய இரும்பு கேட் ஒன்றின் முன் நின்றோம். காவல்காரர் என்னைக் காட்டி யார் என்று இந்தியில் கேட்டார். “மேரீ பாஞ்ஜீ ஹை, பையா” என்றார் மாமா, என் அக்கா மகள் என்று. பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு வழியாக உள்ளே போனோம். அவ்வளவு பெரிய கேட்டை எங்கள் இரண்டு பேருக்காகத் திறப்பது வீண்தானே என்று எனக்குத் தோன்றியது.

அது ஆபீஸ் மாதிரியே இல்லை. எங்கள் குடியிருப்பில் இருபது வீடு கட்டுகிற இடத்தில் ஒரே வீடு. மாமா என்னைப் பின்பக்கம் சமையலறைப் படியில் உட்காரவைத்தார். அங்கே இருந்த, கட்வால் மலைப்பக்கத்துச் சமையல்காரக் கிழவர் என் கையில் இரண்டு பிஸ்கட் கொடுத்தார். மாமா உள்ளே போனார். திரும்பி வந்தபோது கழுத்துவரை பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டில் இருந்தார். தலையை நன்றாகப் படிய வாரியிருந்தார். அவர் அவ்வளவு அழகு என்று எனக்கு அதுவரை தெரியாது. மேடையில் எங்கள் பெர்க்கொலேட்டரின் அண்ணன் மாதிரி ஒன்று, பளபளவென்று, கனைத்துக்கொண்டிருந்தது. அதற்கும் குமிழ் உண்டு. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் “கறுப்பு” என்றேன். அணைத்தார்.

அதற்குள் வெயில் வந்துவிட்டது. தில்லியில் குளிர்கால வெயில் வரும்போது யாரோ போர்வையை மெதுவாக இழுத்துவிட்ட மாதிரி இருக்கும். புல்வெளியில் பிரம்பு நாற்காலிகள் போட்டு ஏழெட்டு வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாமா தட்டை ஏந்திக்கொண்டு அவர்களுக்கு நடுவே போனார். ஒரு கோப்பைகூடச் சத்தம் போடவில்லை. ஈரப் புல்லில் அவருடைய காலடி கேட்கவில்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் லேசாகக் குனிந்து ஊற்றினார், நகர்ந்தார், குனிந்தார். ஆவி எழுந்து வெயிலில் கலைந்தது. எனக்கு அது கனவில் யாரோ நடப்பதுபோல இருந்தது.

யாரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே கோப்பையை எடுத்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் அம்மா காப்பி கொண்டுவந்தால் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்க மாட்டார். சொந்த மனுஷிக்கு யார் தேங்க்ஸ் சொல்வார்கள்? ஆக, மாமா இவர்களுக்கு அவ்வளவு நெருக்கம். அநேகமாக இது மாமாவின் வீடாகவே இருக்கலாம். தான் உட்காராமல் வந்தவர்களைக் கவனிக்கிறார். எங்களிடம் சொல்லாமல் அடக்கமாக இருந்திருக்கிறார்.

அரை மணி நேரம் என்றது மாலை மூன்றாகிவிட்டது. மிருகக்காட்சி சாலைக்கு இனி நேரமில்லை. திரும்பும் பஸ்ஸில் மாமா “வீட்ல...” என்று ஆரம்பித்தார். பிறகு என் மஃப்ளரைச் சரி செய்துவிட்டு, “புலி பாத்தோம்னு சொல்லிருவோமா?” என்றார். நான் தலையாட்டினேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தேன். அம்மா கேட்டபோது புலி, மான், வெள்ளை மயில் என்று வரிசையாகச் சொன்னேன். ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா சப்பாத்தி இட்டுக்கொண்டே, இவன் சம்பாதித்து என்ன, ஒரு நல்ல ஸ்வெட்டர் வாங்கிக்கொள்ளத் துப்பில்லையே என்று மாமாவைக் குறை சொன்னாள். அது எனக்குப் பொறுக்கவில்லை. மாமாவுக்கு எவ்வளவு பெரிய வீடு இருக்கிறது என்று ஆரம்பித்து, புல்வெளி, பித்தளைப் பொத்தான், வெள்ளைக் கோட்டு, தட்டு, எத்தனை பேருக்கு ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார், தான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்பதுவரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மாவின் குழவி பாதிச் சப்பாத்தியில் நின்றுவிட்டது. கல்லில் கிடந்தது கருகிற்று. “இத அப்பாட்ட சொன்னியா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். சொல்ல வேண்டாம் என்றாள். மாமா பணக்காரர் என்று தெரிந்தால் அப்பாவுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்ததும் அம்மா தன் ஃபில்டரைத் தொடவில்லை. தம்பியிடம், உன் பாத்திரத்தில் காப்பி போடு என்றாள். கொரகொரவென்று அரைத்த தூள் டப்பாவில் தயாராக இருந்தது. அதற்காக அவள் கரோல் பாக்வரை போய் வந்திருக்கிறாள். என்னை மேடையில் ஏற்றாமல், தயிர் வாங்கிவரச் சொல்லிக் கீழே அனுப்பினாள். நான் ஓடிப்போய் ஓடிவந்தேன். சமையலறை வாசலுக்கு வந்தபோது இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்து நின்றிருந்தார்கள். பெர்க்கொலேட்டர் கனைத்துக்கொண்டிருந்தது.

“அங்க உனக்கு நேரத்துக்குச் சோறு போடுதாங்களாடே?” என்று அம்மா கேட்டாள்.

மாமா காப்பித்தூள் டப்பாவை மூடிவைத்தார்.

“போடுதாங்கக்கா” என்றார்.

“மரியாதையா நடத்துதாங்களா?”

“அந்த வீட்டம்மா நல்லவங்கக்கா.”

குமிழில் தண்ணீர் தேனாகி, புளித்தண்ணியாகி, கறுத்து, அதற்கு மேலும் கறுத்துக்கொண்டே போயிற்று. நான் வாசலிலிருந்து சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் காது கேட்கவில்லை. அன்று அந்தக் கசப்புக் காப்பியை அம்மா இரண்டு டம்ளர் குடித்தாள்.

மாமா இரண்டு வருஷம் கழித்து அந்தக் குடும்பத்தோடேயே அவர்கள் ஊருக்குப் போனார். இன்று அங்கே சொந்தமாக ஒரு சின்னக் காப்பிக்கடை வைத்திருக்கிறார். தன் ஊர்க்காரப் பெண் ஒருத்தியைத் தானே எல்லாவற்றையும் சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டார். அப்பா ரிட்டயர் ஆகும்வரை அட்மின் என்றே சொல்லிக்கொண்டிருந்தார், நாங்கள் திருத்தவில்லை. இதெல்லாம் பின்னால் நடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மாமா கிளம்பிப் போனபின், அம்மா ஊருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். பாளையங்கோட்டையில் ஒரு பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம், எந்தக் கம்பெனி என்று விவரம் கேட்டிருப்பதாகத் தாத்தா எழுதியிருந்தார். அம்மா நாலு வரி எழுதுவாள், பேனாவை மூடுவாள், மறுபடி திறப்பாள். இன்லாண்டின் கடைசியில் தாத்தாவுக்கு நான் இரண்டு வரி எழுதுவது வழக்கம். பள்ளிக்கூடத்தில் எனக்கு இந்திதான். தமிழ் அம்மா வீட்டில் சொல்லிக்கொடுத்தது. அம்மா அடுப்பைப் பார்க்க எழுந்துபோன நேரத்தில், என் இடத்தில் நான் எழுதிவைத்தேன்: மாமா பெரிய வீட்டில் எல்லோருக்கும் காப்பி ஊற்றுகிறார், ஒரு சொட்டும் சிந்தவில்லை.

அம்மா வந்து படித்தாள். இரண்டே வரியை அவ்வளவு நேரம் படித்தாள். பிறகு இன்லாண்டை நான்காகக் கிழித்துவிட்டு, புதிதாக ஒன்றை எடுத்து முதலிலிருந்து எழுதினாள். என்னை எழுதச் சொல்லவில்லை.

காரணம் எனக்குத் தெரிந்தே இருந்தது. ‘ஊற்றுகிறார்’ என்பதில் எந்த ர எங்கே வரும் என்ற குழப்பத்தில் எல்லா இடத்திலும் சின்ன ‘ர’வையே போட்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அந்த வாரம் முழுக்க ஒரு நோட்டில் பக்கம் பக்கமாக அந்த ஒரே சொல்லை எழுதினேன். சனிக்கிழமை அதை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டி, இனிமேல் தப்பாக எழுத மாட்டேன் என்றேன்.

அம்மா நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். “நீ தப்பா ஒண்ணும் எழுதலட்டி” என்றாள்.

என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னும் ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தேன்.