மேஸ்திரி அவுட் ஆன ஞாயிற்றுக்கிழமை

அமெரிக்காவில் இருக்கும் தங்கை மகள் நேற்று வீடியோவில் கூப்பிட்டு, அந்த ஊர் பேஸ்பால் சீசனில் அதிக ரன் எடுத்தவர்களின் வரிசையைக் காட்டினாள். "இங்க அடிச்சவனுக்கு ரன் இல்லீங்க மாமா, சுத்தி வந்து சேந்தவனுக்குத்தான். அடுத்தவன் வந்து சேரட்டும்னு தாங்களே அவுட் ஆகறவங்களும் உண்டுங்க" என்றாள். ஆட்டம் எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் சொன்னது மட்டும் நன்றாகவே புரிந்தது. அப்படி அவுட் ஆன ஒருவரை எனக்குத் தெரியும். பெருந்தொந்திக்காரர்.

அப்போது சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். பஞ்சு வாசனை வந்தால் எனக்கு இன்றைக்கும் கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். சட்டை, பேடு, கையுறை எல்லாவற்றிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். மில்லுக்கு மில் டீம் உண்டு, லீக் உண்டு. எங்கள் கேப்டன் ஸ்பின்னிங் மேஸ்திரி சின்னுசாமி, வெள்ளகோவில்காரர். நான் கடைசி ஆட்டக்காரன். பேட்டை வெயிலுக்கு மறைப்பாகப் பிடிக்கத்தான் லாயக்கு.

எங்களிடம் ஆடத் தெரிந்தவன் சலீம் ஒருவன்தான். கோட்டைமேட்டுப் பையன். மேஸ்திரிக்குக் கீழே பதிலி ஆள். யாராவது லீவு போட்டால்தான் அவனுக்கு வேலை. லீக்கில் அதிக ரன் எடுத்தால் பெர்மனென்ட் ஆக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பாவோ, "பெர்மனென்ட் ஆகட்டும், பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டார். பாவம், தூங்காமல் கண் சிவந்து வருவான்.

கடைசி மேட்ச். முதலிடத்தில் இருந்த வேறு மில்காரரைத் தாண்ட சலீமுக்கு இன்னும் இரண்டு ரன் வேண்டும். எதிர்முனையில் மேஸ்திரி. அவர்களை விட்டால் நான்தான் பாக்கி.

சலீம் பந்தைத் தட்டிவிட்டு ஓடினான். மற்ற ஊர்க்காரனாக இருந்தால் "வா" என்று கத்தியிருப்பான். இவன் தன் மேஸ்திரியை எப்படி வா போ என்பான்? ஓடிக்கொண்டே, "ஏனுங்க மேஸ்திரி, வாரீங்களா?" என்றான். அவரும் மரியாதை விடாமல், "நீங்க சொன்னா வாரேனுங்க தம்பி" என்று அங்கேயே நின்றார். இரண்டு பேரும் ஒரே முனையில். பந்து கீப்பர் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஸ்டம்பைத் தட்டினால் சலீம் அவுட்.

மேஸ்திரி ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தார். "நீங்க நில்லுங்க, நா போறனுங்க" என்று கிரீஸ் கோட்டைத் தாண்டி ஓடினார். தொப்பி ஒரு பக்கம், தொந்தி ஒரு பக்கம். பாதி தூரம் தாண்டுவதற்குள் கீப்பர் தட்டிவிட்டான். அவுட் ஆனது மேஸ்திரி. திரும்பி வரும்போது மூச்சு வாங்க என்னிடம், "ஏனுங்க கிளார்க், நீங்க ஒண்ணும் பண்ணிப்போடாதீங்க" என்றார். நானும் ஒன்றும் பண்ணவில்லை. அந்தப் பந்தோடு ஓவர் முடிந்திருந்தது; அடுத்த ஓவரின் முதல் பந்தை சலீம் எல்லைக்கு விரட்டினான். நல்லவேளை, யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சலீம் பெர்மனென்ட் ஆனான். கல்யாணமும் நடந்தது. ஆனால் நாலைந்து வருடத்தில் மில்லையே பூட்டிவிட்டார்கள். பெர்மனென்ட், பதிலி எல்லாரும் கேட்டுக்கு வெளியே ஒன்றாக நின்றோம். ஓய்வு பெற்றிருந்த மேஸ்திரியும் வந்திருந்தார். சலீமிடம், "அன்னிக்கு ஓடுனதெல்லாம் வீணாப்போச்சுங்களே தம்பி" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

சலீமின் இடுப்பில் மகள் இருந்தாள். அவளை மேஸ்திரியின் கையில் கொடுத்தான். "வேல போனாப் போவுதுங்க. அன்னிக்கு நீங்க ஓடலைன்னா இவ ஏதுங்க?"

மில் நின்ற இடத்தில் இப்போது அடுக்குமாடி. மைதானத்தில் கார் நிறுத்துகிறார்கள். மேஸ்திரியும் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் அந்தக் குழந்தையைத் திருப்பிக் கொடுக்க வெகுநேரம் ஆனது.