அவர் போடாத இரண்டு கையெழுத்து

காரைக்கால் கோவில்பத்தில் எங்கள் வீட்டு மாடிக்கு அவர்கள் குடிவந்தபோது அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. கணவர் பக்கத்து ஊரான நெரவிக்காரர். அவள் யாழ்ப்பாணத்துப் பெண். துபாயில் ஒரே ஓட்டலில் வேலை பார்த்த இடத்தில் பழக்கமாகி, கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தவர்கள். நான் நர்ஸ் என்பதால் பிரசவத்துக்கு நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பெண் குழந்தை. அந்தக் குழந்தை எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் நடை பழகியது.

அவளிடம் இருந்தது இலங்கை பாஸ்போர்ட். வருடாவருடம் விசாவை நீட்டிக்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து போய், 'இவள் என் மனைவி, என்னோடு வசிக்கிறாள், இவளுக்கு நான் பொறுப்பு' என்று கணவர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். வீட்டுக்காரி என்ற முறையில் நானும் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவேன். ஏழு வருடம் இப்படியே தங்கிவிட்டால் குடியுரிமைக்கு மனுப் போடலாம் என்று அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்து வருடம் முடிந்திருந்தது.

போன ஆடியில் அவர் பையைத் தூக்கிக்கொண்டு நெரவியில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். சண்டை கீழே எங்களுக்கும் கேட்கும். பத்து நாளில் திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தோம். ஐப்பசி பிறந்தும் வரவில்லை. கார்த்திகையோடு அவள் விசா முடிகிறது. அவள் தனியாகவே விண்ணப்பித்தாள்.

விசாரணைக்கு ஆள் வருவதாகச் சொல்லியிருந்த அன்று காலை, ஈரத்தலையோடு கீழே இறங்கி வந்தாள்.

"அக்கா, அவர் இங்கதான் இருக்கிறார் எண்டு சொல்லுங்கோ. பொய்தான். எனக்கு வேற வழி தெரியேல்ல."

என் கணவர் உள்ளேயிருந்து, "போலீஸ்கிட்ட பொய் சொல்லி நாம மாட்டிக்கிறதா?" என்றார். நான் அவளிடம் சொல்கிறேன் என்பதுபோல் தலையை ஆட்டினேன்.

மஃப்டியில் வந்த போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார்.

"மேல ரெண்டு பேரும் ஒண்ணாத்தான இருக்காங்கம்மா?"

"ஆமாங்க. அவரு வேலைன்னு அப்பப்ப வெளியூரு போவாரு."

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

தினமும் நோயாளிகளிடம் எப்போதிலிருந்து காய்ச்சல், கடைசியாக எப்போது மாத்திரை என்று கேட்டுக் கேட்டு எழுதுகிறவள் நான். நாள் கேட்டால் சரியான நாளைச் சொல்லிப் பழகிய வாய். "ஆடிப்பெருக்குக்கு முன்னாடி" என்று வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். மாடிப்படியில் அவள் நின்றிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். திரும்பி மேலே ஏறிப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு நெரவிக்குப் போனேன். செய்ததற்கு ஏதாவது ஈடு செய்ய வேண்டும்போல இருந்தது. அவர் எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அவள் பக்கம் திரும்பாமல் என்னிடமே பேசினார்.

"அக்கா, நான் அவள வெரட்டல. ஒத்து வரல, அவ்வளவுதான். நான் பொறுப்புன்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு எதுன்னாலும் என்னையத்தான கூப்புடுவாங்க? சேந்து வாழலன்னு போன மாசமே விசா ஆபீசுல எழுதிக் குடுத்துட்டேன்."

போலீஸ்காரர் எங்கள் வாசலுக்கு வருவதற்கு முன்பே அந்தக் கடிதம் போய்விட்டிருக்கிறது. நான் என்ன சொல்லியிருந்தாலும் ஒன்றுதான். பஸ்ஸில் திரும்பும்போது இதை அவளிடம் சொன்னேன். என் மனப்பாரம் இறங்குவதற்காகத்தான் சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அவள் "ஓம் அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்து வக்கீல். கோர்ட்டுக்கு எதிர்த்தெருவில் ஒரு பெண் வக்கீல், பொறுமையாகக் கேட்டார்.

"கேஸ் போடலாங்க. ஆனா கேஸ் நடக்குதுங்கறதுக்காக விசா தானா நீளாது. தேதி தாண்டித் தங்கிட்டா அப்பறம் உள்ள வர்றதே கஷ்டமாயிடும். முறையா போயிட்டு, வேற விசா வாங்கிட்டு வந்து நடத்துறதுதான் நல்லது."

"அப்ப நான் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போறன்."

"பாப்பாவுக்குப் பாஸ்போர்ட் இருக்கா?"

இல்லை. குழந்தை காரைக்காலில் பிறந்தது, தகப்பன் இந்தியர், அதனால் அது இந்தியப் பிரஜை. அதற்குப் பாஸ்போர்ட் எடுக்கத் தகப்பனும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் மாட்டேன் என்றால் கோர்ட்டில் உத்தரவு வாங்க வேண்டும். அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று வக்கீலால் சொல்ல முடியவில்லை. இவள் இங்கே இருப்பதற்கும் அவர் கையெழுத்து, குழந்தையோடு போவதற்கும் அவர் கையெழுத்து.

மறுபடி நெரவி. இந்தத் தடவை அவர் நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கூட்டிட்டுப் போனா பாப்பாவத் திரும்பக் கொண்டாந்து விடுவாங்கறதுக்கு என்னக்கா நிச்சயம்? நீங்க சொல்லுங்க."

அவர் என் தம்பியாக இருந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். அவருடைய அம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. "அவன் பேச்ச மீறி நான் என்னாடி பண்ணுவேன்" என்றது.

விசா அலுவலகத்தில் இரண்டு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் விதி இல்லையாம். மாசியில், மழைக்காலத்தில் நின்றிருந்த யாழ்ப்பாணக் கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து மறுபடி ஓடத் தொடங்கியதும் அவள் தனக்கு மட்டும் டிக்கெட் எடுத்தாள்.

போவதற்கு முதல் நாள் குழந்தையின் துணிகளை ஒரு பையில் போட்டு நெரவியில் கொண்டுபோய்க் கொடுத்தோம். "சோறைக் குழைச்சுக் குடுங்கோ மாமி, இல்லாட்டித் தொண்டையில சிக்கும்" என்று இரண்டு தடவை சொன்னாள். தடுப்பூசி அட்டையை என்னிடம் நீட்டினாள். ஐந்து வயது ஊசி பாக்கி இருந்தது. நான் போட்டுவிடுகிறேன் என்றேன். அந்த நேரத்தில் நான் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். குழந்தை கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டு கொல்லைக்குப் போயிருந்தது. கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள். பஸ் நிறுத்தம் வரை நான் பின்னால் போனேன்.

அங்கே போய்ச் சேர்ந்த வாரமே மறுபடி இங்கே வர விசாவுக்குக் கொடுத்துவிட்டாள். இன்னும் பதில் இல்லை. இங்கே குழந்தையின் பாஸ்போர்ட்டுக்காக அவள் சார்பில் வக்கீல் போட்ட வழக்கு தள்ளித் தள்ளிப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நெரவிக்குப் போய் என் போனில் வீடியோ போட்டுக் கொடுக்கிறேன். அவர் தடுப்பதில்லை, அந்த நேரத்துக்கு வெளியே போய்விடுவார். முதல் வாரங்களில் குழந்தை அழும், அவளும் அழுவாள். இப்போது அழுகை இல்லை. போன வாரம் அவள், "என்ன சாப்பிட்டனீங்கள் செல்லம்?" என்று கேட்டாள். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.

"பெரியம்மா, அம்மா ஏன் அப்புடி பேசுது?"

"அது அவங்க ஊரு பேச்சுடா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் போனைப் பார்த்தேன். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "ஊசி போட்டாச்சோ அக்கா?" என்றாள். போட்டாச்சு, அழவேயில்லை என்றேன். குழந்தை ஊசி போட்ட இடத்தைக் காட்டுவதற்காகச் சட்டைக் கையைத் தூக்கியது. நான் போட்டு நாலு நாள்தான், அதற்குள் அங்கே தடம் எதுவும் இல்லை.