ராட்டினத்துக்கு முன்னால் ஒரு குட்டித் தூக்கம்

அறுபதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். திருச்சியில் கோடைப் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். நாங்கள் மருங்காபுரிப் பக்கம். கொஞ்சம் மானாவாரி நிலமும் ஒரு கிணறும் வைத்துக்கொண்டு விவசாயம் செய்துவந்தோம். பொருட்காட்சியில் ராட்சத ராட்டினம் சுற்றுகிறது என்று யாரோ சொல்லிவிட, என் ஐந்து வயது மகள் அதையே பிடித்துக்கொண்டாள். சாப்பிடும்போதும் ராட்டினம், தலை சீவும்போதும் ராட்டினம்.

என் மனைவி அப்போது நிறைமாதமாகத் தாய்வீட்டில் இருந்தாள். மகளும் இரண்டு வயது மகனும் அவளோடுதான் இருந்தார்கள். பார்க்கப் போனேன். கால் வீங்கி, முகம் சோர்ந்து கிடந்தாள். பிள்ளைகள் அவளை ஒரு நிமிடம் உட்காரவிடவில்லை. "ரெண்டு நாளைக்கு இதுங்களை நான் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ நிம்மதியாப் படுத்துத் தூங்கு" என்று சொல்லிவிட்டேன்.

அவள் நம்பாமல் என்னையே பார்த்தாள். அதற்குக் காரணம் இருந்தது. உழவு, களையெடுப்பு, கடலை பிடுங்குவது எல்லாம் செய்வேன். பிள்ளைகளை ஒரு பொழுதுகூடத் தனியாகப் பார்த்துக்கொண்டதில்லை. எங்கள் ஊரில் அப்போது எந்த ஆண்பிள்ளையும் அதைச் செய்ததில்லை.

பஸ் ஏற்றிவிடும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "எதை மறந்தாலும் பரவாயில்லை, மத்தியானம் ரெண்டையும் தூங்க வெச்சிடுங்க. சின்னவன் தூங்கலேன்னா சாயங்காலம் அவனை உங்களால பிடிக்க முடியாது."

தூக்கம்தானே, அது தானாக வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உறையூரில் தெரிந்தவர் வீட்டில் இரவு தங்கினோம். மறுநாள் அவர்கள் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டியிருந்தது. சாயங்காலம்தான் திரும்புவார்கள். நாங்கள் காலையிலேயே கிளம்பி ஸ்ரீரங்கம் போனோம். பெருமாளைச் சேவித்தோம். வெயில் ஏறியதும் பிரகாரத்தில் ஒரு கல் மண்டபத்தில் துண்டை விரித்து, இரண்டு பேரையும் படுக்கவைத்தேன். தரை ஜில்லென்று இருந்தது. கோயிலில் படுக்கவைத்தால் யாராவது திட்டுவார்களோ என்று பயமாகவும் இருந்தது. அந்த வழியாக வந்த பட்டர் ஒருவர் நின்று பார்த்தார்.

"குழந்தைகள் களைச்சிருக்கு, சாமி" என்று எழுந்து நின்றேன்.

"அதனால என்ன? பெருமாளே உள்ளே சயனத் திருக்கோலத்துலதானே எழுந்தருளியிருக்கார். குழந்தைகள் சயனிக்கட்டும்" என்று சிரித்தபடி போனார்.

பையனுக்குக் கண் சொருகியது. மகளும் கொட்டாவி விட்டாள். அந்த நேரம் பார்த்துக் கோயில் யானை மணி குலுங்க அந்தப் பக்கம் வந்தது. அவ்வளவுதான். இரண்டு பேரும் துள்ளி எழுந்து யானையின் பின்னால் ஓடினார்கள். நான் அவர்கள் பின்னால் ஓடினேன்.

டவுன் பஸ்ஸில் தூங்குவார்கள் என்று பார்த்தேன். காவிரிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்ததும் இன்னும் தெளிவாகிவிட்டார்கள். மலைக்கோட்டைக்குக் கீழே கடைவீதியில் இறங்கியபோது உச்சிவெயில். பொருட்காட்சி திறக்க இன்னும் வெகுநேரம் இருந்தது. பையன் காதைத் தேய்த்துக்கொண்டு சிணுங்க ஆரம்பித்தான். தோளில் போட்டேன், இறங்குகிறேன் என்றான். இறக்கினேன், தூக்கு என்றான். மகளிடம், "மத்தியானம் தூங்கினாத்தான் ராட்டினம்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு என் கையை உதறிவிட்டாள்.

நிழல் தேடி ஒரு சந்துக்குள் திரும்பினோம். அங்கே பையன் தரையில் விழுந்து புரண்டான். "அம்மா! அம்மாகிட்டப் போகணும்!" என்று அவன் போட்ட சத்தத்தில் சந்தே திரும்பிப் பார்த்தது. நான் அவனை இழுத்துத் தூக்க, அவன் என் முகத்தில் அறைந்தான்.

அப்போது நான் இருந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். மனைவி கர்ப்பமாக இருந்தால் முகச்சவரம் செய்துகொள்ளக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாதக்கணக்கில் வளர்ந்த தாடி. வியர்வையில் ஊறிய சட்டை. தோளில் ஒரு பெரிய துணிப்பை. கூடவே, எங்கோ பாலம் கட்டுகிறார்களாம், அதற்குப் பலி கொடுக்கப் பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊர் ஊராக அலைகிறார்களாம் என்று அந்தக் கோடை முழுவதும் ஒரு வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது.

பாத்திரக்கடையிலிருந்து ஓர் ஆள் இறங்கி வந்தார். "யாருய்யா நீ? யார் வீட்டுப் புள்ளை இது?"

"என் புள்ளைதாங்க."

"அப்புறம் ஏன் உன்கிட்ட வரமாட்டேங்குது?"

பதில் சொல்வதற்குள் நாலு பேர் பத்துப் பேராகிவிட்டார்கள். ஒருவர் என் பையைப் பிடுங்கினார். ஒருவர் மகளிடம் குனிந்து, "பாப்பா, இவரு யாரு? பயப்படாமச் சொல்லு" என்றார். அவளுக்கு ராட்டினக் கோபம். முகத்தைத் திருப்பிக்கொண்டு வாயே திறக்கவில்லை. பாத்திரக்கடைக்காரர் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "ஸ்டேஷனுக்கு இழுங்கப்பா" என்றது ஒரு குரல். "இங்கேயே ரெண்டு போட்டுட்டு இழுங்க" என்றது இன்னொன்று. என்னை அடிப்பதைவிட, பிள்ளைகளை என்னிடமிருந்து பிரித்து யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்றுதான் பயந்தேன்.

எதிரில் இருந்த நூல் மண்டியிலிருந்து வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் வந்தார். கூட்டம் அவருக்கு வழிவிட்டது. அவரை எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள். அவர் என் மகள் முன்னால் குந்தி உட்கார்ந்து, "இவரு உன் அத்தாவாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றாள் அவள்.

என் கழுத்தில் ஓர் அடி விழுந்தது.

"இருங்க, இருங்க" என்று பாய் கையைத் தூக்கினார். "தப்பு என்னுது. எங்க வீட்டுல தகப்பனை அத்தாம்போம். இந்தப் புள்ளைக்கு அது எங்க தெரியும்? அத்தைன்னு நினைச்சிருக்கும்." மறுபடி கேட்டார்: "இவரு உன் அப்பாவாம்மா?"

"ராட்டினத்துக்குக் கூட்டிட்டுப் போகமாட்டேங்கிறாரு" என்றாள் மகள்.

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என்னை நம்பினாரா இல்லையா என்று அந்த முகத்தில் எனக்குத் தெரியவில்லை. பிறகு புரண்டுகொண்டிருந்த பையனைப் பார்த்தார். "ஏழு புள்ளை வளர்த்த வீடு எங்க வீடு. இது பயந்த அழுகை இல்லை, தூக்க அழுகை" என்றார். கூட்டத்திடம், "கையை எடுங்கப்பா. தகப்பன்னா புள்ளை இவர்கிட்ட அடங்கித் தூங்கும். இல்லேன்னா நானே ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வரேன். அடிக்கிறதை அப்புறமும் அடிக்கலாம். அடிச்சுட்டா அதைத் திருப்பி வாங்க முடியாது" என்றார்.

மண்டிக்குள் போனோம். கூட்டம் கலையவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பத்துப் பதினைந்து ஜோடிக் கண்கள் பார்த்திருக்க, நான் என் மகனைத் தூங்கவைத்தாக வேண்டும்.

மடியில் போட்டுத் தட்டினேன். அவன் வில்லாக வளைந்து கத்தினான். நடந்தேன், ஆட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்குப் போகும் உள்வாசலில் ஒரு திரை தொங்கியது. அதற்குப் பின்னாலிருந்து பாயின் மனைவியின் குரல் வந்தது. "புள்ளை எதுல தூங்கிப் பழக்கம்னு கேளுங்க."

"தூளியிலதாங்க" என்றேன்.

பாய் அண்ணாந்து பார்த்தார். உத்தரத்திலிருந்த இரும்புக் கொக்கியில் நூல் நிறுக்கும் பெரிய தராசு தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கழற்றிக் கீழே வைத்தார். திரைக்குப் பக்கத்திலிருந்து ஒரு கை பழைய நூல்சேலை ஒன்றை நீட்டியது. அவரே கொக்கியில் மாட்டி முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, "போடுங்க" என்றார்.

போட்டேன். உள்ளேயிருந்து இரண்டு கால்கள் வெளியே உதைத்தன. ஆட்டினேன். மனைவி பாடும் தாலாட்டை நினைத்துப் பார்த்தேன். முதல் வரிகூட வரவில்லை. வாசலில் பாத்திரக்கடைக்காரர், "இது சரிப்படாது பாய்" என்றார்.

கொக்கி கிறீச் கிறீச்சென்றது. எங்கள் கிணற்று உருளையின் சத்தம் அப்படியே இருக்கும். மாடுகளைப் பூட்டி நான் தண்ணீர் இறைக்கும்போது, பக்கத்துப் புங்கமரத்தில்தான் என் மனைவி இவனுக்குத் தூளி கட்டியிருப்பாள். யோசித்துச் செய்யவில்லை, என் வாய் தானாக மாடுகளோடு பேச ஆரம்பித்தது. "ஹோ... வா ராசா வா... பைய, பைய... அப்படித்தான்... திரும்பு, திரும்பு... ஹோ..." ராகம் என்று ஒன்றும் கிடையாது. மாட்டுக்குக் கேட்கும் இழுவைதான்.

உதைத்த கால்கள் நின்றன. அழுகை விம்மலானது. நான் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மாடுகளை ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

திடீரென்று பின்னால் கலகலவென்று ஒரு சிரிப்பு. என் மகள். "அப்பா! இங்க ஏதுப்பா மாடு?"

வாசலில் நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். "உஸ்" என்று பாய் விரலை உதட்டில் வைத்தார். தூளியை விலக்கிப் பார்த்தேன். பையன் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டிருந்தான்.

கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. பாத்திரக்கடைக்காரர் மட்டும் போய்விட்டுத் திரும்பி வந்து, ஒரு கலர் சோடாவை என் கையில் திணித்தார். கசங்கிப்போன என் சட்டையை நீவிவிட்டார். "மனசுல வெச்சுக்காதீங்க. எனக்கும் புள்ளைங்க இருக்கு" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒருவேளை நான் நிஜமாகவே பிள்ளை பிடிக்கிறவனாக இருந்திருந்தால், என் மகனைக் காப்பாற்றியிருக்கப்போவது அவர்தானே!

மகள் நூல் சிப்பங்களின் மேல் சுருண்டு படுத்து, என் விரலைப் பிடித்தபடி தூங்கினாள். பாய் கடையின் பலகைக் கதவில் பாதியைச் சாத்தினார். நூல் வாங்க வந்த ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, தராசு எங்கே என்று கேட்டார்.

"தராசு தூங்குது. அப்புறம் வாங்க" என்று பாய் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு எனக்கும் ஒன்றும் தெரியாது. உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன்.

கண்விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பையன் என் மேல் ஏறி உட்கார்ந்து தாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான், முகமெல்லாம் சிரிப்பு. உள்ளேயிருந்து இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வந்தன. பிள்ளைகள் இருவரும் அடம்பிடிக்காமல் சாப்பிட்டார்கள். மத்தியான வியாபாரம் முழுவதும் எங்களால் நின்றுபோயிருந்தது. பாய் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன சொல்லி நன்றி சொல்வதென்று தெரியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ராட்டினத்துக்கு நேரமாச்சு, கிளம்புங்க தம்பி" என்றார்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நாளைக்கு ஊர்லதான இருப்பீங்க? மத்தியானம் இங்கனயே கொண்டாந்து தூங்க வெச்சுட்டுப் போங்க."

அன்று மாலை ராட்டினத்தின் பெட்டியில் ஒரு பக்கம் மகள், மடியில் மகன். மேலே போகப் போக பயத்தில் இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர்களுக்கோ துளிப் பயமில்லை. உச்சியில் ராட்டினம் ஒரு நிமிடம் நின்றபோது, விளக்குகளோடு மலைக்கோட்டை கண்ணுக்கு நேராக இருந்தது. "அப்பா, நாம சாமி உசரத்துக்கு வந்துட்டோம்!" என்று மகள் கத்தினாள். மறுநாளும் அந்த மண்டிக்குப் போய்த் தூங்கிவிட்டுத்தான் ஊருக்கு பஸ் ஏறினோம்.

நான் நடந்ததைச் சொன்னதும் என் மனைவி முதலில் பதறினாள். மாட்டுப் பேச்சுக்கு வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு நாள் தூக்கத்தில் அவள் முகம் தெளிந்திருந்தது. அந்த மாதமே சுகப்பிரசவம். மூன்றாவது குழந்தையை மத்தியானங்களில் தூங்கவைக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஊரில் சிலர் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று அந்தச் சந்தில் இருந்த யாருமே கெட்டவர்கள் இல்லை என்பதை நினைத்தால் இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது. எல்லோருக்கும் ஒரு பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் இருந்தது. பாயும் என்னை எடுத்த எடுப்பிலேயே நம்பிவிடவில்லை. நான் யார் என்று காட்டிக்கொள்ள ஒரு நிழலையும் கொஞ்சம் பொழுதையும் எனக்குக் கொடுத்தார், அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஒருவரைப் பற்றி முடிவுக்கு வருமுன் அப்படிக் கொஞ்சம் பொறுத்திருக்க அன்று முதல் நானும் பழகிக்கொண்டேன், அதனால் இத்தனை வருடங்களில் எனக்குக் கிடைத்த நல்ல மனிதர்கள் ஏராளம்.